மாதம் ஒரு சனி ஞாயிறு சிப்பாய்கள்

சண்டை ஓய்ந்த ஊரில் குழாயில் தண்ணீர் வராது. பம்பை ஓட்ட மின்சாரம் இருக்காது. மின்நிலைய ஊழியருக்குச் சம்பளம் போட ஆள் இருக்காது. இதையெல்லாம் கவனிக்க அமெரிக்கத் தரைப்படையில் உள்ள பிரிவுக்கு சிவில் அஃபேர்ஸ் என்று பெயர். அதில் பெரும்பாலானோர் ரிசர்வ் படையினர். மற்ற நாட்களில் வேறு வேலைக்குப் போகிறவர்கள். 2001-ல் முழுநேரப் படையில் இருந்த சிவில் அஃபேர்ஸ் பிரிவு 96-வது பட்டாலியன் ஒன்றுதான்.

ஏன் இப்படி? குடிநீர் வாரியம் நடத்தத் தெரிந்தவரைப் படைமுகாமில் உருவாக்க முடியாது. அது பைப்பு வெடித்து, ஊரே திட்டி, பல வருஷத்தில் வருகிற அனுபவம். சம்பளம் கொடுத்து அதை வளர்ப்பது நகராட்சி. ராணுவம் கடன் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அடிப்படை அலகு நான்கு பேர் கொண்ட குழு. கேப்டன் ஒருவர், சார்ஜென்ட் ஒருவர், மருத்துவ உதவியாளர் ஒருவர், இன்னொரு வீரர். மேல்மட்டத்தில் கமாண்டு எனப்படும் நான்கு தலைமைப் பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் உலகில் ஒரு பகுதி. 352-வதுக்கு மத்திய கிழக்கு.

பயிற்சி மாதம் ஒரு வார இறுதி, வருடத்துக்கு ஒருமுறை இரண்டு வாரம். கூட்டினால் நாற்பது நாள்கூடத் தேறாது. அதற்குள் துப்பாக்கிச் சுடுதல், உடல்தகுதித் தேர்வு, காகித வேலை எல்லாம் முடிய வேண்டும். மிச்ச நேரத்தில்தான் அசல் வேலை: ஊரைப் பார்த்துக் குறிப்பெடுப்பது. சாக்கடை, தண்ணீர், மின்சாரம், பள்ளி, குப்பை, ஆஸ்பத்திரி என்று வரிசையாகக் கேட்க வேண்டும். லூசியானாவின் ஃபோர்ட் போல்க் பயிற்சி மையத்தில் ஊர்ப் பெரியவராக நடிக்கவே ஆட்கள் உண்டு. இத்தகைய பேச்சுப் பயிற்சியில் புதியவர்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு: மொழிபெயர்ப்பாளர் முகத்தைப் பார்த்தே பேசிக்கொண்டிருப்பார்கள். பெரியவரைப் பார்த்துப் பேச வேண்டும். நிறைவேற்ற முடியாத வாக்குறுதி எதையும் கொடுத்துவிடவும் கூடாது.

இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்த இடம் குவைத். 1990 டிசம்பரில், குவைத் ஈராக்கின் பிடியில் இருந்தபோதே, 352-வது கமாண்டின் ரிசர்வ் அதிகாரிகள் வாஷிங்டனில் குவைத் அரசின் ஆட்களோடு உட்கார்ந்து, விடுதலைக்குப் பின் உணவு, தண்ணீர், மின்சாரம் எப்படி என்று திட்டம் போட்டார்கள். அவர்களில் முக்கியமானவரான கர்னல் ராண்டல் எலியட், வெளியுறவுத் துறையில் மேற்கு ஆசிய விவகாரங்களை அலசுவதையே வேலையாகக் கொண்டிருந்தவர். பிப்ரவரி 1991-ல் ஈராக்கியப் படை வெளியேறியபோது திட்டம் தயாராக இருந்தது.

அதற்கு ஓராண்டு முன்னால், 1989 டிசம்பரில் அமெரிக்கா படையெடுத்த பனாமாவில் இதே ஏற்பாடு தடுமாறியது. ரிசர்வ் படையைக் கட்டாயமாக அழைக்கும் உத்தரவு வரவில்லை. தாமாக முன்வந்தவர்களை வைத்தே சமாளித்தார்கள். சேர்ந்து பழகிய குழுக்கள் குழுவாகப் போய்ச் சேரவில்லை. என் கணக்கில், தனிமனிதர்களின் திறமையைவிட இந்தப் பழக்கம்தான் இழக்கக் கூடாதது.

இன்னொரு சிக்கல் பதிவேடு. ராணுவக் கோப்பில் பதவியும் பிரிவும் இருக்கும். ஆள் வெளியே என்ன வேலை பார்க்கிறார் என்பது முழுதாக இருக்காது. இதற்காகவே 38ஜி என்ற தனி வகை வந்தது. விவசாயம், சட்டம், பாரம்பரியப் பாதுகாப்பு போன்ற துறைகளில் நன்கு தேர்ந்தவர்களை நேரடியாகவே அதிகாரியாக எடுத்துக்கொள்ளலாம். 2022-ல் அருங்காட்சியக வல்லுநர்கள் சிலர் இப்படிச் சீருடை போட்டு, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்தில் பயிற்சி எடுத்தார்கள்.