ஆமை நடை போன இரவில் மனசு ஏன் லேசானது?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. ஆபீஸில் எல்லோரும் நன்றாகத்தான் பேசுகிறார்கள். ஆனாலும் ராத்திரி ஹாஸ்டலுக்குத் திரும்பினால் நெஞ்சு கனக்கிறது. போன மாதம் ஆமை நடைக்குப் போனேன். முன்பின் தெரியாத ஆட்கள், அதிகம் பேசிக்கொள்ளவும் இல்லை. ஆனால் திரும்பும்போது மனசு லேசாக இருந்தது. எப்படி?"

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட நம் கரைக்கு வரும். மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் இரவில் நீலாங்கரை தொடங்கி பெசன்ட் நகர் வரை நடந்து, கூடுகளைத் தேடி, முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். வார இறுதியில் பொதுமக்களும் கூடவே நடக்கலாம். அதைத்தான் ஆமை நடை என்கிறோம்.

தனிமை என்பது பசி மாதிரி. 2020இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பத்து மணி நேரம் யாரையும் பார்க்காமல் இருந்தவர்களுக்கு மனிதர்கள் கூடியிருக்கும் படங்களைக் காட்டினார்கள். பட்டினி கிடந்தவர் சோற்றைப் பார்க்கும்போது நடுமூளையில் எந்தப் பகுதி துடிக்குமோ, அதே பகுதி துடித்தது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பசித்தவர் இலையில் உட்கார்ந்தால் சாப்பிட்டுவிடுவார். நெடுநாள் தனிமையில் இருப்பவரின் மூளையோ எந்நேரமும் காவல் காக்கிறது என்று சிகாகோ பல்கலைக்கழக உளவியலாளர் ஜான் கசியோப்போ காட்டினார். எதிரில் இருப்பவர் முகம் லேசாகச் சுளித்தாலும் அது முதலில் கண்ணில் படும். அதனால்தான் "நாலு பேரோடு பழகு" என்ற அறிவுரை பலருக்குப் பலிப்பதில்லை.

அந்தக் காவலைத் தளர்த்துவது எது? எனக்கு மிகவும் பிடித்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் படகு அணி வீரர்கள் 12 பேர். ஜிம்மில் இருக்குமே, துடுப்பு இயந்திரம், அதில் 45 நிமிடம் பயிற்சி. ஒரு நாள் தனியாக, இன்னொரு நாள் அணியாக ஒரே தாளத்தில். முடிந்ததும் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கட்டிக் காற்றடித்து, "வலிக்கிறது" என்று எப்போது சொல்கிறார்கள் என்று குறித்தார்கள்.

ஏன் வலியை அளக்க வேண்டும்? உடம்பு தானே சுரக்கும் வலிநிவாரணிதான் எண்டார்ஃபின். மனசுக்கு இதமும் அதுவே தருகிறது. ஆனால் மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு இருப்பதால், மூளைக்குள் அது எவ்வளவு சுரந்தது என்று ரத்தத்தை எடுத்துச் சொல்லிவிட முடியாது. வலி தாங்கும் அளவு கூடினால் எண்டார்ஃபினும் கூடியிருக்கும் என்று ஊகிக்கிறார்கள். எவ்வளவு எளிய, அழகான வழி! இரண்டு நாளும் ஒரே உழைப்புத்தான். ஆனால் சேர்ந்து துடுப்பு போட்ட நாளில் வலி தாங்கும் அளவு, தனியாகப் போட்ட நாளில் உயர்ந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயர்ந்தது.

மணலில் நடப்பது துடுப்பு போடுவது போல அல்ல, உண்மைதான். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் நடப்பவர்களின் அடி பல நேரம் தங்களை அறியாமலே ஒத்துப்போகும். அதோடு அன்றைக்கு யாரும் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் ஆமைத் தடத்தின் மேல். காவல் காக்கிற மூளைக்கு அங்கே வேலை குறைவு என்றுதான் எனக்குப் படுகிறது. இயற்கைக்கும் தனிப் பங்கு உண்டு: 2015இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், 90 நிமிடம் புல்வெளியில் நடந்தவர்களுக்குப் பழையதையே நினைத்துக் குமைவது குறைந்தது, நெரிசலான சாலையோரம் நடந்தவர்களுக்குக் குறையவில்லை.

நம் வீடுகளில் ஒரு பெண் வாடிப்போனால் காத்துக்கருப்பு என்று கயிறு கட்டுவார்கள், இல்லையென்றால் கல்யாணம் பேசுவார்கள். இரண்டும் மருந்தல்ல. உலகில் ஆறில் ஒருவருக்குத் தனிமை என்று 2025இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. தன்னார்வலர்கள் நடத்தும் இப்படிப்பட்ட நடைகளை நம் ஊரிலேயே அளந்து ஆராய அரசு பணம் ஒதுக்க வேண்டும்.

வாசகிக்கு: ஒரு நடையோடு விட்டுவிடாதீர்கள். அதே குழுவோடு திரும்பத் திரும்பப் போங்கள். ஏப்ரலுக்குப் பிறகு ஆமை வராது. அப்போது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பறவை பார்க்கப் போகிறவர்களோடு சேருங்கள். தை பிறந்தால் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது. பறவைப் பெயர் ஒன்றுகூடத் தெரியாவிட்டாலும் சேர்த்துக்கொள்வார்கள்.