கிட்டத்தட்டப் பொருந்தும் வீல்

“எண்பதைத் தாண்டினா ஸ்டியரிங் உதறுது தம்பி. மூணு இடத்துல பேலன்ஸ் பண்ணியாச்சு” என்றபடி ஒரு பெரியவர் முத்தியால்பேட்டையிலிருந்து கடலூரில் இருக்கும் என் கடைக்கு வந்தார். வண்டி டபிள்யூ124 பென்ஸ். 1995இல் அந்தக் கம்பெனி புனேயில் முதன்முதலாகத் தயாரித்த மாடல். புதுச்சேரியின் பிஒய் நம்பர், பெயின்ட் இன்னும் கண்ணாடி மாதிரி இருந்தது. கீழே பளபளவென்று 17 இன்ச் அலாய் வீல். பேரன் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தானாம்.

மெஷினில் ஏற்றினால் நான்கு வீலும் பேலன்ஸ் ஜீரோ காட்டின. ஆனால் சுற்றவிட்டு ரிம் விளிம்பைப் பார்த்தால் இரண்டு வீல்கள் மேலும் கீழுமாக ஏறி இறங்கின. கழற்றிப் பின்பக்கம் பார்த்ததும் விஷயம் புரிந்தது. நடு ஓட்டையைச் சுற்றி லேத்தில் கடைந்த தடம் இருந்தது, அதுவும் ஒரு பக்கம் கூடுதலாக.

அந்த வீல் ஸ்கோடாவுடையது. அளவு ஒன்றுதான் என்று விற்றவர் சொல்லியிருந்தால் அது பொய் இல்லை. பென்ஸும் 5×112, அந்த ஸ்கோடாவும் 5×112. அதாவது ஐந்து போல்ட் ஓட்டைகளின் மையங்களை இணைத்து வட்டம் போட்டால் அதன் விட்டம் 112 மில்லிமீட்டர். பிசிடி என்பது இதுதான். ஆனால் ஸ்கோடா வீலின் நடு ஓட்டை 57.1 மி.மீ., அதற்குள் நுழைய வேண்டிய பென்ஸ் ஹப், அதாவது வீல் உட்காரும் நடுப்பகுதி, 66.6. ஏறாது. ஏறாத வீலை ஏற்றவேண்டும் என்று யாரோ ஒருவர் லேத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். கடைந்தவர் கண் அளவில் சென்டர் பிடித்திருக்க வேண்டும். அப்புறம் எத்தனை இடத்தில் பேலன்ஸ் பண்ணி என்ன? ரிம்மில் ஈயக்கட்டி ஒட்டினால் எடை சமமாகும், சென்டர் விலகிய வீல் வட்டமாகிவிடாது.

சுத்தமாகப் பொருந்தாத வீலைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அது வண்டியில் ஏறாது, வந்தவர் திரும்பிப் போய்விடுவார். கிட்டத்தட்டப் பொருந்துகிற வீல்தான் ஆளைச் சாய்க்கும்.

5×114.3 என்றொரு அளவு உண்டு. இன்னோவா உட்பட நம் ரோட்டில் நிறைய ஓடுகிறது. கடையில் கிடைக்கிற பல அலாய்களில் எல்லா வண்டிக்கும் ஆகட்டும் என்று நடு ஓட்டையை 73.1 வரை பெரிதாக விட்டிருப்பார்கள். அதைப் பழைய பென்ஸில் மாட்டினால் ஹப் தடுக்காது. போல்ட்டும் ஏர் கன் போட்டால் ஏறிவிடும். ஆனால் நேராக உட்காராது, லேசாகச் சாய்ந்து முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த போல்ட் வளைந்து வளைந்து நிமிரும். கம்பியை முன்னும் பின்னும் ஒடித்துப் பாருங்கள், எத்தனையாவது தடவை உடையும் என்று யாராவது சொல்ல முடியுமா?

வீட்டிலேயே அளக்கலாம். ஒரு ஓட்டையின் இடது விளிம்பிலிருந்து பக்கத்து ஓட்டையின் இடது விளிம்பு வரை நேர்கோட்டில் அளந்து, 0.588ஆல் வகுத்தால் பிசிடி வந்துவிடும். 112க்கு அந்த இடைவெளி 65.8 மி.மீ., 114.3க்கு 67.2. ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூட இல்லை. தையல்காரர் டேப் இதற்கு ஆகாது, மில்லிமீட்டரிலும் சிறிய அளவு காட்டும் வெர்னியர் வேண்டும். பழைய ஜாகுவார் எக்ஸ்ஜே இன்னும் மோசம். அது 5×120.65, பழைய பிஎம்டபிள்யூ 5×120. பக்கத்து ஓட்டைகளுக்கு நடுவே அரை மில்லிமீட்டர்கூட மாறாது. அங்கே நான் வெர்னியரையும் நம்புவதில்லை, வீலின் பின்பக்கம் அச்சடித்த நம்பரைத்தான் பார்ப்பேன்.

‘பிஎம்டபிள்யூ என்றால் 120’ என்று மனப்பாடமாகச் சொல்கிறவர்களும் கொஞ்சம் நிதானிக்கலாம். புது மாடல்கள் 112க்கு மாறிவிட்டன. பழையதிலேயே இ39 ஃபைவ் சீரிஸின் நடு ஓட்டை 74.1, அதே காலத்து த்ரீ சீரிஸில் 72.6.

போல்ட்டின் தலைக்குக் கீழே தடவிப் பார்த்திருக்கிறீர்களா? பிஎம்டபிள்யூவில் அது புனல் மாதிரி டேப்பர். பென்ஸில் உருண்டை. வெளியில் வாங்கும் அலாய் பெரும்பாலும் டேப்பருக்குக் குடைந்தது. அதில் பென்ஸின் உருண்டை போல்ட்டைப் போட்டால் ஒரு கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். டைட்டாக இருப்பதுபோலக் கைக்குத் தெரியும், நூறு கிலோமீட்டரில் தளரும். உருண்டைக்கு உருண்டை என்றும் விட்டுவிட முடியாது. டபிள்யூ124 போல்ட்டின் உருண்டை ஆரம் 12 மி.மீ., ஸ்கோடா, ஆடி போல்ட்டுகளில் 13. பெரியவர் வண்டியில் இந்தக் கோளாறும் சேர்ந்தே இருந்தது.

ஈடி என்று வீலில் ஒரு எண் இருக்கும். வீலின் அகலத்துக்கு நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு வெளியே தள்ளியிருக்கிறது என்பதே அது. டபிள்யூ124இன் 15 இன்ச் அலாய் 6.5 இன்ச் அகலம், ஈடி 49. அதன் இடத்தில் 8 இன்ச் அகலம், ஈடி 35 வீல் போட்டால், அகலம் கூடியதில் 19, ஈடி குறைந்ததில் 14, மொத்தம் 33 மி.மீ. வெளியே வரும். உள்பக்கமும் 5 மி.மீ. நெருங்கும். காலி வண்டி கடைவாசலில் அழகாகத்தான் நிற்கும். பின் சீட்டில் மூன்று பேரை ஏற்றி ஒரு வேகத்தடையில் இறக்கினால் மட்கார்டு டயரைச் சீவும்.

டயர் அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 195/65 ஆர்15க்குப் பதில் 225/45 ஆர்17 போட்டால் மொத்த விட்டம் கிட்டத்தட்ட அதே 634 மி.மீ. பேரன் இதை மட்டும் சரியாகப் பார்த்திருந்தான்.

பெரியவரிடம், “இதைச் சரிபண்ண முடியாது சார், பழைய வீல் இருக்கா?” என்று கேட்டேன். மாடியில் சாக்கில் கட்டி வைத்திருந்தார். ஆனால் அங்கே உப்புக்காற்று தன் வேலையைச் செய்திருந்தது. அலுமினியத்தில் வெள்ளைப் பொடி, வண்டியின் இரும்பு ஹப்பிலும் துரு. நம் கரையோரத்தில் இது சாதாரணம். அந்தத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்காமல் மாட்டினால், சரியான வீலும் கோணலாகத்தான் உட்காரும். தேய்த்து, போல்ட்டைக் கையாலேயே கடைசி வரை திருகி, அப்புறம் இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச்சில் 110 நியூட்டன் மீட்டர் வைத்தோம். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி வரச் சொன்னேன்.

போகும் முன் டிக்கியைத் திறந்து பார்த்தேன். ஸ்டெப்னி இரும்பு வீல். அதற்குத் தனியாகக் குட்டை போல்ட்டுகள் டூல் பையில் இருக்கவேண்டும், காணோம். அலாயின் நீள போல்ட்டை இரும்பு வீலில் போட்டால் நுனி உள்ளே நீண்டு, பின்பக்கம் ஹேண்ட்பிரேக் ஷூவில் போய் இடிக்கும். ஐந்து குட்டை போல்ட் தேடிக் கொடுத்து, பையில் போடச் சொன்னேன். “இதெல்லாம் எனக்கு யாருமே சொல்லலையே தம்பி” என்றார்.