அழுகண்ணி: கண்ணீரா, பொறியா?

தை மாதத்தில் ஏற்காடு சேர்வராயன் கோயில் மேட்டிலிருந்து இறங்கும்போது, நீர் கசியும் புல்திட்டு ஒன்றில் அக்காள் மகன் குனிந்து நின்றுவிட்டான். ஒரு ரூபாய் நாணயம் அளவில், தரையோடு ஒட்டிய செந்நிற இலைவட்டம். கரண்டி போன்ற இலைகளெங்கும் மயிர்கள், மயிர் நுனிதோறும் ஒரு துளி. புல்லின் பனி எப்போதோ காய்ந்துவிட்டது. இந்தத் துளிகள் காயவில்லை. விரலால் தொட்டால் நூலாக இழுபட்டது. நடுவில் எழுந்த மெல்லிய தண்டில் ஐந்து இதழ் வெள்ளைப் பூ.

“இது சன்ட்யூ, மாமா. தமிழில் சூரியப்பனி” என்றான்.

சூரியப்பனி ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்த சொல். தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: அழுகண்ணி. இதன் தாவரவியல் பெயரான ட்ரோசெரா, பனியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1753இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அதைப் பதிந்தார். ஐரோப்பியர்கள் பனியைப் பார்த்த இடத்தில் நம்மவர்கள் கண்ணீரைப் பார்த்தார்கள்.

அழு, கண், இ: அழும் கண்ணுடையவள். சித்த மருத்துவ நூல்களில் இதற்குத் தொழுகண்ணி என்றொரு துணையும் உண்டு. அதன் சிற்றிலைகள் தாமாக அசையும். ஆனால் கண்ணி என்றால் தமிழில் பறவை பிடிக்கும் சுருக்கும்தான். சொல்லின் வேர் கண் என்பதே என் எண்ணம். ஆனாலும் இந்தச் செடிக்கு இரண்டாம் பொருளும் எவ்வளவு கச்சிதம்! பாக்சைட் தோண்டிய இந்த மலையுச்சி மண்ணில் சத்து குறைவு. தழைச்சத்துக்காக (நைட்ரஜன்) செடி பூச்சி பிடிக்கிறது. அந்தக் கண்ணீர்தான் பசை.

வெள்ளைப் பூவும் இலைவட்டமும் இருந்தால் ட்ரோசெரா பர்மன்னி. நிமிர்ந்த தண்டும் நூல் போன்ற நீள இலையும் இருந்தால் ட்ரோசெரா இண்டிகா. இரண்டும் ஓராண்டுச் செடிகள்.

ஒரு சிக்கல் உண்டு. கடலோர உவர்நிலத்தில் வளரும் கிரெஸ்ஸா கிரெட்டிக்கா என்ற வேறொரு செடியையும் சிலர் அழுகண்ணி என்பார்கள். வடமொழியில் அதற்கு ருதந்தி, அதாவது அழுபவள் என்று பெயர். அதனால் மூலிகைக் கடையில் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. எழுதும்போது அழுகண்ணி என்று எழுதி, பக்கத்தில் ட்ரோசெரா என்றும் சேர்த்துவிடுவது நல்லது.

அவன் குறிப்பேட்டில் சூரியப்பனியை அடித்துத் திருத்திக்கொண்டிருந்தான். அதற்குள் ஒரு சிறு கொசு இலையில் ஒட்டிக்கொண்டது. விளிம்பு மயிர்கள் சில நொடிகளில் அதன் மேல் வளைந்துவிட்டன.