இரட்டைப்பொறி மீயிலகு வானூர்தி: சொல்லும் பொருளும்

ட்வின் எஞ்சின் அல்ட்ராலைட். இரண்டு எஞ்சின் பூட்டிய, மிக மிக எடை குறைந்த சிறு விமானம். பொழுதுபோக்காகப் பறப்பவர்கள் ஆசையோடு சொல்லும் பெயர் இது. இதைத் தமிழில் எப்படி எழுதுவது?

முதலில் 'அல்ட்ரா'. லத்தீனில் அதற்கு 'அப்பால்' என்று பொருள். அல்ட்ரா வயலெட்டை நாம் 'புற ஊதா' என்றது அதனால்தான். ஊதாவுக்கு அப்பால் இருக்கும் ஒளி அது. ஆனால் அல்ட்ராலைட்டில் அந்த 'அப்பால்' தேய்ந்து 'மிக மிக' என்று ஆகிவிட்டது. அதனால் இங்கே 'புற' பொருந்தாது. பள்ளிக் கணக்கில் மீப்பெரு, மீச்சிறு என்று படித்தோமே, அந்த 'மீ' பொருந்தும். அல்ட்ராசவுண்டை மீயொலி என்று ஏற்கெனவே எழுதுகிறோம்.

'லைட்' என்பதற்கு 'நொய்' என்ற நல்ல தமிழ்ச்சொல் உண்டு. நொய்யரிசியில் இருப்பதும் அதுதான். ஆனால் நொய்ந்தது என்றால் நலிந்தது என்ற பொருளும் கூடவே வருகிறது. உயிரை நம்பி ஏறும் ஒன்றுக்கு அந்தப் பெயரை வைக்க எனக்கு மனம் வரவில்லை. 'இலகு' வடமொழி 'லகு'விலிருந்து வந்தது என்றாலும், 'இலகுரக ஹெலிகாப்டர்' என்று செய்தித்தாள் வழியே எல்லோருக்கும் பழகிவிட்டது. ஆக, மீயிலகு. இதே வகையை இந்தியாவில் சட்டமும் விமானச் சங்கங்களும் மைக்ரோலைட் என்கின்றன. அது பிரிட்டன் வழக்கு. எடை வரம்பு நாட்டுக்கு நாடு மாறினாலும் வகை ஒன்றுதான்.

எவ்வளவு இலகு? 1982-ல் அமெரிக்கா கொண்டுவந்த 103-ஆம் விதி இதற்குத் தெளிவான கோடு போட்டது. ஒரே இருக்கை, காலி எடை (ஆளும் எரிபொருளும் இல்லாமல்) 254 பவுண்டுக்குள், அதாவது சுமார் 115 கிலோ, எரிபொருள் 5 கேலன், வேகம் மணிக்கு ஏறக்குறைய 102 கி.மீ.க்கு மிகாமல். இதற்குள் அடங்கினால் விமானி உரிமம் தேவையில்லை. எத்தனை எஞ்சின் என்று அந்த விதி கேட்பதே இல்லை. பெரிய இரட்டை எஞ்சின் விமானத்தை ஓட்டத் தனித் தகுதிச் சான்று பெற வேண்டும். இந்த விதிக்குள் அடங்கினால் அது வேண்டாம். பொழுதுபோக்கு விமானிக்கு இது பெரிய வாய்ப்பு.

அடுத்தது எஞ்சின். லத்தீன் 'இன்ஜெனியம்' என்றால் பிறவியிலேயே அமைந்த அறிவுத்திறன். பழைய பிரெஞ்சில் அது சூழ்ச்சி, போர்க்கருவி என்றெல்லாம் விரிந்தது. நம் 'பொறி'யும் அப்படித்தான். எலிப்பொறியும் பொறி, எந்திரமும் பொறி. சீவக சிந்தாமணியில் அரசி விசயை தனியாக ஏறித் தப்பிச் செல்லும் மயிற்பொறி இருக்கிறது. ஒருவர் பறக்கும் கருவிக்குப் பொறி என்று பெயர் வைத்த மொழி வேறு சொல் தேட வேண்டியதில்லை. 'வானூர்தி'யும் பழையதுதான். புறநானூற்றின் 27-ஆம் பாட்டில் 'வலவன் ஏவா வான ஊர்தி' வருகிறது. வலவன் என்றால் ஓட்டுபவன்.

'ட்வின்' என்பதை 'இரு' என்று எழுதுவதைவிட 'இரட்டை' என்பதே சரி. இரட்டை மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். இரண்டும் இணையாக இழுத்தால்தான் வண்டி நேராகப் போகும். ஒரு மாடு நின்றுவிட்டால் வண்டி அந்தப் பக்கமே திரும்பும். வானிலும் அதேதான். ஒரு பொறி நின்றால் மூக்கு நின்ற பொறியின் பக்கம் இழுபடும். பாதி இழுவிசை போனால் பாதிச் செயல்திறன்தான் போகும் என்று நினைக்கக் கூடாது. மேலேறுவது, மட்டமாகப் பறக்கத் தேவையானது போக மிச்சமிருக்கும் சக்தியால். அந்த மிச்சம் முழுவதும் போய்விடலாம். இரண்டு பொறியும் ஒரே தொட்டியிலிருந்து குடித்தால், எரிபொருள் தீரும்போது இரண்டும் சேர்ந்தே நிற்கும்.

அப்புறம் என்ன நன்மை? பழைய ஸ்கூட்டர்களில் இருந்த வகையான சிறிய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் மலிவு, எடை குறைவு. ஆனால் பிளக் அடைத்துக்கொள்ளும், சூடேறிப் பிஸ்டன் இறுகும். அது ஒன்றை மட்டும் நம்பி ஏரிக்கு மேலோ காட்டுக்கு மேலோ போவது கஷ்டம். இரண்டு இருந்தால், தனியொன்றால் உயரத்தைத் தக்கவைக்க முடியாவிட்டாலும், இறங்கும் வேகம் குறையும்; நல்ல வயலைத் தேர்ந்தெடுக்க நேரம் கிடைக்கும். எனக்கு இதுதான் முதன்மையான நன்மை.

இரட்டைப்பொறி மீயிலகு வானூர்திக்குக் கனடாவின் லேசேர் அருமையான எடுத்துக்காட்டு. டேல் கிராமர் வடிவமைத்தது. 1979 முதல் 1985 வரை வீட்டில் பொருத்திக்கொள்ளும் தொகுப்பாக விற்றார்கள். முதலில் அதில் இருந்தவை மரம் அறுக்கும் சங்கிலி வாளின் எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 5.5 குதிரைத்திறன்தான். ஒன்று போதாது, அதனால் இரண்டு. பாதுகாப்புக்காக என்பதைவிட கையில் கிடைத்த எஞ்சினுக்காகவே இரட்டையானது. பிரான்சில் மிஷெல் கொலொம்பான் வடிவமைத்து 1973-ல் பறந்த கிரி-கிரி இன்னும் சிறியது. காலி எடை 80 கிலோவுக்கும் குறைவு, இறக்கை நீளம் 4.9 மீட்டர். இரு பொறிகளும் மூக்கருகே நெருக்கமாக நிற்பதால், ஒன்று நின்றாலும் திரும்பும் இழுப்பு குறைவு. எடையில் அது மீயிலகுதான். ஆனால் அமெரிக்க விதியின் வேக வரம்பை எளிதாகத் தாண்டிவிடும், அதனால் அங்கே அந்தப் பெயர் அதற்குச் செல்லாது.

ஏர்கேம் என்ற திறந்த இருக்கை விமானத்தையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். ஆப்பிரிக்க மழைக்காட்டை மேலிருந்து படம் எடுப்பதற்காகப் பிறந்தது. ஒற்றைப் பொறியிலேயே மேலேறும் ஆற்றல் உடையது. ஆனால் காலி எடை ஏறக்குறைய 470 கிலோ. அதை இரட்டைப்பொறி இலகு வானூர்தி என்று எழுதுங்கள், 'மீ' வேண்டாம்.