செம்புக்குள் பிறக்கும் நீராவி

கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஓர் ஆய்வுக்கூடத்தின் வேக்குவக் கருவிக்கு, அதாவது காற்றை உறிஞ்சியெடுத்த வெற்றிடக் கருவிக்கு, செம்பில் வட்டமான ஒரு பாகம் கடைந்து தர வேண்டும். வரைபடத்தில் 'ஓ.எஃப்.இ. செம்பு' என்று எழுதியிருக்கிறது. விசாரித்தால் விலை பஸ்பார் (மின்சாரம் கொண்டுசெல்லும் பட்டை) செம்பைவிட மிக அதிகம், கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். "பஸ்பார் செம்பே 99.9 சதவீதம் சுத்தம்ங்க. கரண்டுக்கு அது போதும்னா வேக்குவத்துக்குப் போதாதுங்களா?"

நியாயமான கேள்வி. பஸ்பாரின் 99.9, ஓ.எஃப்.இ.யின் 99.99 என்ற எண்களை மட்டும் பார்த்தால் யாருக்கும் இந்தச் சந்தேகம் வரும். ஆனால் இங்கே சுத்தம் எவ்வளவு என்பதைவிட, மிச்சமிருக்கும் அந்தத் துளி என்ன பொருள், செம்பைச் சூடாக்கும்போது அது எதைச் சந்திக்கப் போகிறது என்பதுதான் முக்கியம்.

பஸ்பார், வீட்டு ஒயர், மோட்டார் காயில் எல்லாம் பெரும்பாலும் ஈ.டி.பி. என்ற ரகம். அமெரிக்க உலோக எண் வரிசையில் சி11000. மின்பகுப்பில் சுத்தம் செய்த செம்பைக் காற்றுபட உருக்கி வார்த்தது. அதில் மிச்சமிருப்பது முக்கியமாக ஆக்சிஜன்தான், பத்து லட்சத்தில் 200 முதல் 400 பங்கு. இது கவனக்குறைவால் தங்கியதல்ல, வேண்டுமென்றே விட்டது. அந்தக் காலத்தில் உருகிய செம்புக்குள் பச்சை மரக்கட்டைகளை அமுக்குவார்கள். மரத்திலிருந்து வரும் வாயுக்கள் அதிகப்படி ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு போகும். முழுவதையும் எடுக்காமல், வார்த்த கட்டியின் மேற்பரப்பு மேடும் பள்ளமும் இல்லாமல் சமமாக உறையும் நிலையில் நிறுத்திவிடுவார்கள். அந்தச் சமநிலையைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்த உலைக்காரர்களின் கைத்திறனை நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

ஆக்சிஜன் இருந்தும் மின்சாரம் எப்படித் தடையில்லாமல் ஓடுகிறது? திடச் செம்பில் ஆக்சிஜன் கரையவே கரையாது என்று சொல்லிவிடலாம். உறையும்போது செம்பு அதை வெளியே தள்ளிவிடும். அது குப்ரஸ் ஆக்சைடு என்ற நுண்ணிய உருண்டைகளாக ஆங்காங்கே ஒதுங்கிவிடுகிறது. எலக்ட்ரான்களுக்கு அது கூட்டத்தில் ஓரமாக நிற்கும் ஆள் மாதிரி, சுற்றிக்கொண்டு போய்விடலாம். அதோடு இரும்பு போன்ற வேறு சில அசுத்தங்களையும் ஆக்சைடாக்கித் தன் பக்கம் ஒதுக்கிக்கொள்கிறது. அதனால் கடத்துத்திறன் கூடத்தான் செய்கிறது.

இதற்கு நேரெதிர் பாஸ்பரஸ். ஏசி மெக்கானிக் கொண்டுவரும் செம்புக் குழாயில் ஆக்சிஜனை நீக்குவதற்காகப் பாஸ்பரஸ் சேர்த்திருப்பார்கள். சேர்ப்பது 0.015 முதல் 0.04 சதவீதம்தான். ஆனால் ஆக்சிஜனைப் பிடித்தது போக மீதிப் பாஸ்பரஸ் செம்பிலேயே கரைந்து, தனித்தனி அணுவாக வழியெங்கும் நின்றுவிடுகிறது. ஓடிவரும் எலக்ட்ரான் ஒவ்வொன்றிலும் மோதிச் சிதறும். 1913இல் வகுத்த சர்வதேச அளவுகோலில் 1 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்பும் உள்ள செம்புக் கம்பி 20 டிகிரியில் 0.01724 ஓம் தடை காட்டினால் அதற்கு 100 மதிப்பெண். இன்றைய பஸ்பார் செம்பு 100, 101 வாங்கிவிடும். பாஸ்பரஸ் போட்ட குழாய்ச் செம்பு 85 பக்கம் நிற்கும், சில சமயம் அதற்கும் கீழே. அசுத்தம் எவ்வளவு என்பதைவிட அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது எத்தனை பெரிய வித்தியாசம் செய்கிறது பாருங்கள்.

சரி, கடத்துத்திறனைக் கெடுக்கும் பாஸ்பரஸை ஏன் குழாயில் போட வேண்டும்? நெருப்புக்காக. இங்கேதான் வேக்குவத்தின் கதை தொடங்குகிறது.

கிளைஸ்ட்ரான் (நுண்ணலைகளைப் பெருக்கும் குழாய்), எக்ஸ்ரே குழாய், துகள் முடுக்கி போன்றவற்றின் செம்புப் பாகங்களைப் பெரும்பாலும் உலையில் வைத்து பிரேசிங் செய்து இணைப்பார்கள். 72 பங்கு வெள்ளியும் 28 பங்கு செம்பும் கலந்த உலோகக் கலவையை இடையில் வைத்தால் 780 டிகிரியில் உருகி இடுக்கெல்லாம் ஓடிப் பிடித்துக்கொள்ளும். பட்டறையில் போல வெண்காரமோ ஃபிளக்ஸோ போட முடியாது. அது உள்ளே ஒட்டிக்கொண்டு பின்னால் வாயுவாகக் கசிந்து வேக்குவத்தைக் கெடுக்கும். அதனால் உலையில் ஹைட்ரஜன் வாயுவை ஓடவிடுவது பழைய, நம்பகமான வழி. பரப்பில் உள்ள ஆக்சைடை ஹைட்ரஜன் நீக்கிவிடும். பாகங்கள் புதுக்காசு போலப் பளபளவென்று வெளியே வரும்.

ஆனால் ஹைட்ரஜன் மேற்பரப்போடு நிற்காது. மிகச் சிறிய அணுக்களில் ஒன்று அது. சூடான செம்பு அதற்குச் சல்லடை மாதிரி. 850 டிகிரியில் சில நிமிடங்களிலேயே மில்லிமீட்டர் கணக்கில் உள்ளே ஊடுருவிவிடும். அங்கே குப்ரஸ் ஆக்சைடு உருண்டையைச் சந்திக்கிறது. ஆக்சிஜனைப் பிடுங்கி அதோடு சேர்ந்து நீர் மூலக்கூறாக மாறுகிறது. பள்ளியில் படித்த அதே ஒடுக்க வினைதான். உள்ளே வந்த ஹைட்ரஜன் சிறியது, பிறந்த நீர் மூலக்கூறு பெரியது. செம்பின் வழியே அது வெளியேற முடியாது. உள்ளே போகத் திறந்திருந்த கதவு வெளியே வரும்போது சாத்திக்கொண்டது.

எவ்வளவு நீராவி என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ ஈ.டி.பி. செம்பில் பத்து லட்சத்துக்கு 300 பங்கு ஆக்சிஜன் என்றால் 0.3 கிராம். அது முழுவதும் நீரானால் 0.34 கிராம், ஏறக்குறைய ஏழு சொட்டு. 850 டிகிரியில், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், அந்த ஏழு சொட்டு விரிந்து 1.7 லிட்டர் இடம் கேட்கும். ஒரு கிலோ செம்பு இருப்பதோ 112 மில்லிலிட்டர் இடத்தில். தன்னைவிட பதினைந்து மடங்கு பெரிய நீராவியை வயிற்றுக்குள் அடைத்துவைத்திருக்கும் உலோகம்! உண்மையில் அந்த நீராவிக்குக் கிடைக்கும் இடம் ஆக்சைடு உருண்டைகள் சுருங்கியதால் உண்டாகும் நுண்குழிகள் மட்டும். மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு மில்லிலிட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். உலோகம் விட்டுக்கொடுக்காவிட்டால் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு ஏறியாக வேண்டும். சூட்டில் மென்மையாகிப்போன செம்பு அதைத் தாங்குமா? தாங்காது. உலோகத்தின் நுண்படிகங்களான மணிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் எல்லைதான் பலவீனமான இடம். அங்கே குமிழ் ஊதி, குமிழ்கள் ஒன்றுசேர்ந்து, மணிகள் பிரிய ஆரம்பிக்கின்றன.

மாணவனாக இருந்த காலத்தில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். ஓர் ஆய்வுக்கூடத்தில் பிரேசிங் முடிந்து வந்த பாகம் பார்க்க அப்பழுக்கில்லாமல் இருந்தது. வேக்குவத்தில் மாட்டி வெளியே ஹீலியம் வாயுவைத் தெளித்தால் கசிவு காட்டும் கருவி துடித்தது. இணைப்பில் கசிவு என்று நினைத்து அதையே இரண்டு நாள் தேடினோம். கடைசியில் பார்த்தால், கசிந்தது இணைப்பில் இல்லை, செம்புச் சுவரில். யாரோ அலமாரியில் கிடந்த சாதாரணச் செம்புத் துண்டை எடுத்துக் கடைந்திருக்கிறார்கள். அறுத்து மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தோம். மணிகளின் எல்லைக்கோடுகள் எல்லாம் கறுப்புப் புள்ளிகளாக, கோலத்துக்கு வைத்த புள்ளி வரிசை போல இருந்தது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு காலத்தில் நீராவி நிறைந்திருந்த குழி. மிச்சத் துண்டைக் கையால் வளைத்தேன். பிஸ்கட் போல ஒடிந்தது. செம்பு அப்படி ஒடியும் என்று அதுவரை நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஏசி குழாய்களை ஒட்டும் கேஸ் டார்ச் சுடரிலும் ஹைட்ரஜன் உண்டு. ஏசி குழாயில் பாஸ்பரஸ் ஏன் என்ற கேள்விக்கும் இதுதான் பதில். முன்கூட்டியே ஆக்சிஜனைப் பாஸ்பரஸ் பிடித்து வைத்துவிட்டால் நீராவி பிறக்க வழியில்லை.

கடத்துத்திறனும் வேண்டும், ஹைட்ரஜனுக்குப் பயப்படாமலும் இருக்க வேண்டும் என்றால் காற்றே படாமல் உருக்கி வார்க்கும் ஆக்சிஜன் நீக்கிய செம்புதான் வழி. அதில் ஓ.எஃப். என்ற சி10200 ரகத்தில் ஆக்சிஜன் பத்து லட்சத்தில் 10 பங்குக்குமேல் இருக்கக்கூடாது. வாசகரின் வரைபடத்தில் உள்ள ஓ.எஃப்.இ., அதாவது சி10100, 5 பங்குக்கே அனுமதி தரும். பாஸ்பரஸுக்கு 3 பங்கு, துத்தநாகத்துக்கு வெறும் 1 பங்கு. துத்தநாகத்தின் மேல் ஏன் இத்தனை கோபம்? 400 டிகிரியில் செம்பு அசையாமல் இருக்கும்போது துத்தநாகம் வேக்குவத்தில் ஆவியாகி எங்கேயாவது குளிர்ந்த பரப்பில் போய்ப் படியும். சூடாகும் வேக்குவப் பாகங்களில் பித்தளையை ஒதுக்குவதும் இதனால்தான்.

லேத்காரர்களுக்கு இன்னொரு சபலம் வரும். சுத்தச் செம்பு கடைவதற்குப் பிசுபிசுவென்று உளியில் ஒட்டும். டெல்லூரியம் கலந்த செம்பு வெண்ணெய் போல வெட்டுப்படும், கடத்துத்திறனும் 90க்கு மேல். மின் இணைப்பு முனைகளுக்கு அருமையான சரக்கு. ஆனால் டெல்லூரியமும் சூட்டில் ஆவியாகும் பொருள். சூடாகும் வேக்குவப் பாகத்துக்கு வேண்டாம்.

வேக்குவச் செம்பில் எனக்கு மிகவும் பிடித்த வேலை சின்னக் கேஸ்கெட் வளையம் செய்வது. இரண்டு எஃகு விளிம்புகளில் கத்திமுனை போன்ற வரம்பு இருக்கும். இடையில் செம்பு வளையத்தை வைத்து இறுக்கினால் கத்தி செம்பில் பதியும். செம்பு பிதுங்கி, எஃகின் நுண்ணிய கீறல்களையெல்லாம் நிரப்பிவிடும். ரப்பர் கருகிப்போகும் சூட்டிலும், 450 டிகிரி வரை, காற்றை உள்ளே விடாது.

ஆக்சிஜன் நீக்கிய செம்பு என்ற பெயரை ஸ்பீக்கர் ஒயர் விற்பவர்களும் பிடித்துக்கொண்டார்கள். பாட்டு தெளிவாகக் கேட்கும் என்று சொல்லி ஒயரை எக்கச்சக்க விலைக்கு விற்கிறார்கள். 100க்கும் 101க்கும் உள்ள தடை வித்தியாசத்தை ஒயரைக் கொஞ்சம் தடிமனாக வாங்கியே சரிசெய்துவிடலாம். அந்த ஒயர் ஹைட்ரஜன் உலைக்குள் போகப்போவதில்லை. வீட்டுக்காரர் உழைத்துச் சம்பாதித்த பணம் இப்படிப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பணம் போக வேண்டிய இடம் வேறு. பிலானியில் உள்ள சீரி என்ற மத்திய மின்னணுப் பொறியியல் ஆய்வகம் பல பத்தாண்டுகளாக நுண்ணலைக் குழாய்களை உருவாக்கிவருகிறது. அப்படிப்பட்ட வேலைகளுக்குச் சின்னப் பட்டறைகள் பாகம் செய்து கொடுக்க முன்வரும்போது, கையிலிருக்கும் செம்பு எந்த ரகம் என்று சோதிக்கப் பக்கத்திலேயே ஓர் இடம் வேண்டும். சோதனை ஒன்றும் பெரிய வித்தையல்ல. துண்டை ஹைட்ரஜனில் 850 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, நுண்ணோக்கியில் பார்ப்பது, முன்னும் பின்னும் வளைத்து ஒடிகிறதா என்று பார்ப்பது. ஒரு சிறு உலை, ஒரு நுண்ணோக்கி, பாதுகாப்பு தெரிந்த ஒரு ஆள். தொழில் நகரங்களில் இதை அரசு அமைத்துக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கோவை வாசகருக்கு: உங்கள் பாகம் உலையில் பிரேசிங் ஆகப்போகிறது என்றால் ஓ.எஃப்.இ.யைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். அதே கருவிக்கு வெளியே மின்சாரம் கொண்டுவரும் பட்டையும் உங்கள் ஆர்டரில் இருந்தால் அதற்குப் பஸ்பார் செம்பு தாராளமாகப் போதும். போல்ட் போட்டுத்தானே இணைக்கிறீர்கள்? குளிர்நீர்க் குழாய்க்கு வேக்குவத்தோடு சம்பந்தம் இல்லையென்றால் ஏசி குழாய்ச் செம்பே சரி. வாங்கும்போது உருக்காலைச் சான்றிதழில் ஆக்சிஜன் அளவு இருக்கிறதா என்று பாருங்கள். கந்தகம், சிலிகான் கலந்த வெட்டு எண்ணெய் வேண்டாம். அப்புறம், மிச்சம் விழும் ஓ.எஃப்.இ. துண்டுகளின் முனையில் அன்றைக்கே பெயின்ட் அடித்துத் தனிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். அலமாரியில் பஸ்பார் துண்டோடு கலந்துவிட்டால் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.