வரக்காப்பியும் சிவப்பு மாத்திரையும்

"மாத்திரையெல்லாம் ஒழுங்காத்தான் சாப்பிடறேங்க, ரத்தம்தான் ஏற மாட்டேங்குது." சேலத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் எந்த மருத்துவருக்கும் பழகிப்போன புகார் இது. பெரும்பாலும் உண்மையும்கூட. எப்போது, எதோடு விழுங்குகிறார்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகும் ஒரு பெண். ஏழாம் மாதம், ஹீமோகுளோபின் 8.6. இட்லி சாப்பிட்ட கையோடு சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக வாயில் போட்டு, மேலே ஒரு டம்ளர் வரக்காப்பி. "அந்த வாடை தெரியாம இருக்குமுங்க" என்றார். காபியிலும் டீயிலும் உள்ள பாலிஃபீனால்கள் இரும்பைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். கால்சியமும் அதை உள்ளே போகவிடாது. மாத்திரையில் இருந்த 60 மில்லிகிராமில் உடம்புக்குப் போய்ச் சேர்ந்தது கொஞ்சம்தான்.

இரும்பு மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாற்றோடு போடச் சொன்னேன். கால்சியம் காலையிலும் மதியமும் சாப்பாட்டோடு. காப்பியை நிறுத்தச் சொல்லவில்லை. மலைக்குளிரில் அது நடக்கிற காரியமா? மாத்திரைக்குப் பக்கத்தில் வராமல் இருந்தால் சரி.

கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி சிவப்பணுக்களைவிட வேகமாகக் கூடுவதால் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஆனால் 11-க்குக் கீழே போனால் அது ரத்தசோகை. 7-க்குக் கீழே என்றால் மாத்திரையை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது.

"சத்து மாத்திரைதானே" என்று கடையில் ஜிங்க் மாத்திரை வாங்கிச் சேர்த்துக்கொள்கிறவர்களும் உண்டு. இரும்பும் ஜிங்க்கும் உறிஞ்சப்படுவதில் ஒன்றுக்கொன்று போட்டி போடும். ஜிங்க் அளவு மீறி நாள்கணக்கில் போனால் தாமிரம் குறையும். சேமிப்பில் உள்ள இரும்பு வெளியே வந்து ரத்தமாக மாறத் தாமிரம் வேண்டும். ஆகவே எழுதிக் கொடுக்காத எதையும் சேர்க்காதீர்கள்.

சாப்பாட்டில் நம்மூர் ஜவ்வரிசி வெறும் மாவுச்சத்து. அதில் இரும்பு இல்லையென்றே சொல்லலாம். கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் இரும்பைத் தடுக்கும் ஃபைட்டேட் குறையும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) நல்லது, நன்றாக வேகவைத்து. கீரையோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ இருக்கட்டும்.

அப்புறம், பச்சரிசி, சாம்பல், மண் தின்னும் ஆசை. மாமியார்கள் இதை மசக்கை என்று விட்டுவிடுகிறார்கள். பல நேரம் அதுவே இரும்புக் குறைவின் அடையாளம், வெட்கப்படாமல் சொல்லுங்கள். மாத்திரையால் மலம் கருப்பாகப் போகும், குழந்தை கருப்பாகப் பிறக்காது.

ஒரு மாதம் சரியாகச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறவில்லையென்றால் காரணத்தைத் தேட வேண்டும்: குடற்புழு, பி12 குறைவு, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு. கடைசியது தெரிந்தால் கணவருக்கும் பரிசோதனை அவசியம், சொந்தத்தில் கட்டியவர்களுக்கு இன்னும் அவசியம். அதையும் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும்.