பாட்டிக்கு நாலு லிட்டர் தண்ணீர் என்று யார் சொன்னது?

வெயில் ஏறினால் எங்கள் ஆஸ்பத்திரி வார்டுக்கு இரண்டு வகை ஆட்கள் வந்து சேர்வார்கள். வெளியே வேலை செய்து, குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் சுருண்டு விழுந்தவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், எழுதட்டும், தேவைதான். இன்னொரு வகை, வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, பிள்ளைகள் சொன்னபடி வேளாவேளைக்குத் தண்ணீர் குடித்து, அதனாலேயே நினைவு தடுமாறி வருகிற தாத்தா பாட்டிகள். இவர்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இந்த வாரமும் ஒரு பாட்டி வந்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

வயது எழுபது தாண்டியிருக்கும், எடை 45 கிலோ. இரண்டு நாளாகக் குமட்டல், சாப்பாடு வேண்டாம் என்றிருக்கிறார். அன்று காலை மகளைப் பார்த்தே "நீ யாரும்மா?" என்று கேட்டிருக்கிறார். பக்கவாதம் என்று பயந்துபோய், வழியிலேயே தலைக்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை. ரத்தத்தில் சோடியம் 111. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. கூடவே கொண்டுவந்த கட்டைப்பையில் மாத்திரைகளோடு ஒரு பாட்டிலும் இருந்தது. இரண்டு லிட்டர் பிடிக்கும் ஊதா நிற பிளாஸ்டிக் பாட்டில். பக்கவாட்டில் கோடு கோடாகக் காலை 7, 9, 11 என்று நேரம் அச்சடித்திருந்தது. பேத்தி ஆன்லைனில் வாங்கி அனுப்பியதாம். "ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ரொப்பி முடிச்சிடுவாங்க டாக்டர், அதுல மட்டும் தவறவே மாட்டாங்க" என்று மகள் பெருமையாகச் சொன்னார்.

சோடியம் குறைந்திருக்கிறது என்று சொன்னதும் வெளியே ஒரு விசாரணை நடந்தது. "பி.பி.ன்னு சொல்லி உப்பே போடாம சமைச்சா இப்படித்தான் ஆகும்" என்று யாரோ ஆரம்பிக்க, பழி முழுக்க மருமகள் தலையில் விழுந்தது. சோடியம் குறைந்து வருகிற எல்லாக் குடும்பத்திலும் இது நடக்கும். அடுத்த கட்டமாக ஒருவர் டம்ளரில் உப்பைக் கரைத்துக்கொண்டு கட்டிலருகே வந்துவிடுவார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அரை நினைவில் இருப்பவருக்கு வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும்.

ரசத்தில் இரண்டு சொம்பு தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிவிட்டால் உப்புச் சப்பில்லாமல் போகிறதல்லவா? போட்ட உப்பு அப்படியேதான் இருக்கிறது, தண்ணீர்தான் கூடிவிட்டது. லேப் ரிப்போர்ட்டில் வரும் சோடியம் எண்ணும் அந்த மாதிரி ஓர் அடர்த்திக் கணக்குதான். உடம்பில் உப்பு எவ்வளவு என்பதை அது தனியாகச் சொல்லாது. நான் பார்க்கிற முதியவர்களில் பெரும்பாலோருக்கு உப்பும் கொஞ்சம் போயிருக்கும், ஆனால் எண்ணைக் கீழே தள்ளியது வெளியேறாமல் தங்கிய தண்ணீர்தான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். அந்த வயதில், அந்த எடையில், உடம்பில் உள்ள மொத்தத் தண்ணீரே ஏறக்குறைய 20 லிட்டர்தான். அதில் மூன்று லிட்டர் கூடுதலாகத் தங்கிவிட்டால், 140 இருந்த சோடியம் 122-க்கு வந்து நிற்கும். ரத்தம் நீர்த்தால் அந்தத் தண்ணீர் செல்களுக்குள் புகும். மற்ற உறுப்புகள் கொஞ்சம் வீங்கினால் இடம் இருக்கிறது. மூளைக்கு மண்டை ஓட்டுக்குள் இடமில்லை. குமட்டல், தலைவலி, நடையில் தள்ளாட்டம், உளறல், அப்புறம் வலிப்பு என்று வரிசையாக வரும்.

சாதாரணமாக ஒரு நாளில் உடம்பை விட்டுப் போவது எவ்வளவு? சிறுநீராக ஏறக்குறைய ஒன்றரை லிட்டர், தோலிலும் மூச்சிலும் நமக்கே தெரியாமல் முக்கால் லிட்டர், மலத்தில் 100, 200 மில்லி. வியர்த்து வேலை செய்தால் கணக்கே வேறு. வெயிலில் கடுமையாக உழைப்பவருக்கு ஒரு மணி நேரத்திலேயே ஒரு லிட்டருக்கு மேல் வியர்வையில் போகலாம். வரவு பக்கம், குடிப்பது மட்டும் வரவு இல்லை. உணவை எரிக்கும்போது உடம்பே 300 மில்லி போலத் தண்ணீர் உண்டாக்கிக்கொள்கிறது. வடித்த சோற்றில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். அதன் மேல் சாம்பார், ரசம், மோர் என்று நாம் ஊற்றிக்கொள்வதெல்லாம் என்ன? காபியும் டீயும்கூட வரவுதான். "காபி குடிச்சா உடம்பு வறண்டுடும்" என்று சொல்லி, குடித்த காபிக்கு ஈடாக இரண்டு டம்ளர் தண்ணீர் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காலையும் மாலையும் குடிக்கிற காபிக்கு அதெல்லாம் தேவையே இல்லை.

ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனவர்கள் பலரும் ஓர் இடத்தில் வந்து நிற்கிறார்கள். 1945-இல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் என்று எழுதியது. அதன் கூடவே, இதில் பெரும்பகுதி நாம் உண்ணும் உணவிலேயே இருக்கிறது என்றும் எழுதியது. முன்பாதி உலகம் சுற்றியது, பின்பாதியை யாரும் படிக்கவில்லை. ஹைன்ஸ் வால்டின் என்ற சிறுநீரக ஆய்வாளர் 2002-இல் இதற்கு அறிவியல் ஆதாரம் உண்டா என்று தேடிவிட்டு, எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதினார். இங்கே எட்டு டம்ளர் நாலு லிட்டராக வளர்ந்திருக்கிறது. போதாக்குறைக்கு ஜப்பானிய நீர் சிகிச்சை என்ற பெயரில், வெறும் வயிற்றில் மடமடவென்று குடிக்கச் சொல்லும் வாட்ஸப் செய்தி வருடா வருடம் உயிர்த்தெழுகிறது.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது, "தண்ணி நிறைய குடிச்சா உடம்புல இருக்கிற நச்செல்லாம் வெளியே போயிடும்" என்ற வாதம். படித்தவர்கள் சொல்கிறார்கள், அதுதான் கொடுமை. சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடிகட்டி, ஒன்றிரண்டு லிட்டர் போக மீதியைத் திரும்ப ரத்தத்துக்கே அனுப்புகின்றன. ஒன்றரை லிட்டர் குடித்தாலும் நாலு லிட்டர் குடித்தாலும் இந்த 180 பெரிதாக மாறாது. யூரியா, கிரியேட்டினின் என்று கழிவு எவ்வளவு போக வேண்டுமோ அவ்வளவுதான் போகும். கூடுதலாகக் குடித்த தண்ணீர் அந்தக் கழிவோடு சேர்ந்து சிறுநீரை வெளுப்பாக்கும், அவ்வளவுதான். சிறுநீர் பச்சைத் தண்ணீர் மாதிரி போனால் உடம்பு சுத்தமாகிவிட்டது என்று பொருளில்லை, தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள் என்றுதான் பொருள். கல்லடைப்பு வந்தவர்களுக்கு நாங்களே நிறையக் குடிக்கச் சொல்கிறோம், உண்மைதான். சிறுநீரில் உப்புகள் படிகமாகாமல் நீர்த்திருக்க வேண்டும் என்பதற்காக அது. நச்சு நீக்கத்துக்காக இல்லை. அந்த அறிவுரையைப் பக்கத்து வீட்டுக்காரர் கடன் வாங்கக் கூடாது.

சரி, ஆரோக்கியமான ஆள் கூடுதலாகக் குடித்தால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒரு மணி நேரத்தில் 800 மில்லியிலிருந்து ஒரு லிட்டர் வரை தள்ளிவிடும் திறன் நல்ல சிறுநீரகத்துக்கு உண்டு. அதற்கும் எல்லை இருக்கிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது, மூன்று பேருக்கு 120 அல்லது அதற்கும் கீழே. ஓடும்போது அதிகம் குடித்து, புறப்பட்டபோது இருந்ததைவிட எடை கூடி முடித்தவர்களுக்கே ஆபத்து அதிகம். அவர்களெல்லாம் திடகாத்திரமானவர்கள்.

இப்போது பாட்டியிடம் வருவோம். வயதானால் நீரைத் தள்ளும் திறன் குறையும். அதோடு பி.பி. மாத்திரை. அவருடைய அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், எதிர்பார்த்ததுதான் இருந்தது: ஹைட்ரோகுளோரோதயசைடு, சிறுநீரைக் கூட்டி பி.பி.யை இறக்கும் மருந்து. மாத்திரைப் பெயரின் பின்னால் "ஹெச்" என்றோ "சி.டி." என்றோ ஒட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் இந்தக் குடும்பத்து மருந்து உள்ளே இருக்கும். குளோர்தாலிடோன், இண்டபமைடு இரண்டும் இதே ரகம். நல்ல மருந்துகள், விலை குறைவு, நானும் தினம் எழுதுகிறேன். ஆனால் சிறுநீரகம் சிறுநீரை நீர்க்கச் செய்கிற இடத்திலேயே இவை வேலை செய்கின்றன. உப்பு வெளியே போகும், கூடுதல் தண்ணீர் உள்ளே மாட்டிக்கொள்ளும். எடை குறைவான வயதான பெண்களுக்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம், அதுவும் மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரங்களில். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்ஸிட்டலோபிராம், செர்ட்ராலின், வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் கார்பமசெபைன், ஆக்ஸ்கார்பசெபைன் இவையும் சோடியத்தை இறக்கும்.

சாப்பாடு அடுத்த சங்கதி. சிறுநீரகத்தால் வெறும் தண்ணீரை மட்டும் வெளியேற்ற முடியாது, ஒவ்வொரு லிட்டரோடும் கொஞ்சம் உப்பும் யூரியாவும் போயே ஆக வேண்டும். யூரியா வருவது புரதத்திலிருந்து. வயிறாரச் சாப்பிடும் இளைஞர் ஒரு நாளில் பத்து லிட்டருக்கு மேல்கூடத் தள்ளிவிடுவார். காலையில் கஞ்சி, மதியம் இரண்டு கரண்டி ரசம் சாதம், இரவு அரை இட்லி என்று இருப்பவரிடம் அனுப்பி வைக்கச் சரக்கே இல்லை. அவருக்கு நாலு லிட்டர் என்றால் எங்கே போகும்?

ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் தொல்லை தீராது. "அசதியா இருக்காங்க, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்பார்கள். வரும் வழியில் எங்காவது ஏற்றியும் இருப்பார்கள். ஐந்து சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்தாறு டீஸ்பூன். அதை உடம்பு எரித்து முடித்ததும் மிஞ்சுவது தண்ணீர் மட்டுமே. சோடியம் 111 இருப்பவருக்கு அது எரிகிற நெருப்பில் எண்ணெய். இளநீரும் இங்கே உதவாது. அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் சொற்பம்.

மறுநாள் இன்னொரு சண்டை. "நேத்து 111, இன்னிக்கு 117 தானா? வேற பெரிய இடத்துக்குக் கூட்டிட்டுப் போறோம்." ஐயா, மெதுவாக ஏற்றுவதுதான் வைத்தியமே. வலிப்பு வந்துவிட்டால் மூன்று சதவீத உப்புநீர் கொஞ்சம் கொடுத்து முதலில் நாலைந்து புள்ளி தூக்குவோம். அதையும் சேர்த்து 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வோம். அவசரப்பட்டு ஏற்றினால், சில நாள் கழித்து மூளைத் தண்டில் நரம்பு உறைகள் சிதைந்து, பேச்சும் விழுங்கும் திறனும் கைகால் அசைவும் போய்விடும். அப்படி ஆனால் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு.

ஆகவே, வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் கேளுங்கள். நேரம் அச்சடித்த பாட்டிலை இளவட்டங்களே வைத்துக்கொள்ளுங்கள். நிழலில் இருக்கும் முதியவருக்குக் காபி, மோர், தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர் போதும். புழுக்கத்தில் வியர்த்தால் கொஞ்சம் கூட்டலாம், ஒரு சிட்டிகை உப்பு போட்ட மோராகக் கொடுத்தால் இன்னும் நல்லது. இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் இந்த அளவு பொருந்தாது, உங்கள் டாக்டர் சொன்னதுதான் அளவு. இதைப் படித்துவிட்டுத் தண்ணீரே கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள், அதுவும் நடக்கும் என்று தெரியும். வயதானால் தாகம் மங்கும், கேட்க மாட்டார்கள், நாம்தான் நினைவுபடுத்திக் கொடுக்க வேண்டும். ஆறு மணிக்கு மேல் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். இரவில் பாத்ரூமுக்கு எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருபவர்கள் ஏராளம்.

உப்பைக் குறைக்கச் சொன்னால் குறையுங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, பூஜ்யம் இல்லை. தட்டில் ஒரு முட்டையோ, பருப்போ, சுண்டலோ இருக்கட்டும். "ஹெச்" மாத்திரை சாப்பிடும் பெரியவருக்கு வாந்தி, பேதி வந்தாலோ, சாப்பாடு இறங்காமல் போனாலோ, அன்றே டாக்டருக்குப் போன் செய்து மாத்திரையைத் தொடரலாமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். திடீரென்று உளறினால், தள்ளாடினால், ஆளை அடையாளம் தெரியாமல் பேசினால், வயசாயிடுச்சு என்று விட்டுவிடாமல் உடனே கூட்டி வாருங்கள். பக்கவாதமாகவும் இருக்கலாம், சர்க்கரை இறங்கியதாகவும் இருக்கலாம், சோடியமாகவும் இருக்கலாம், அதைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை. வரும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். "வெள்ளையா, சின்னதா இருக்கும்" என்று சொன்னால் எனக்கு ஒன்றும் புரியாது.

இந்த வகை மாத்திரையைப் புதிதாக ஆரம்பித்தால் ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு தடவை எலக்ட்ரோலைட்ஸ், அதாவது சோடியம், பொட்டாசியம் அளக்கும் ரத்தப் பரிசோதனை, பார்த்துவிடுங்கள். சிறிய ஊர் லேபிலும் செய்கிறார்கள், வெறும் வயிறு தேவையில்லை, பெரும்பாலும் அன்றைக்கே ரிசல்ட் வந்துவிடும். எழுதிக் கொடுக்க டாக்டர் மறந்திருந்தால் நீங்களே கேட்டு வாங்குங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.